பழைய ராணுவக் கோட்டையை ஆவணப்படுத்த லேசர் ஸ்கேன் போதாதா? இன்னும் ஏன் டேப் பிடித்து அளக்கிறார்கள்?

நீங்கள் கட்டடக்கலை மாணவர், யாரோ உங்களை வெயிலில் டேப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள், அந்தக் கடுப்பில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் கேட்டவன்தான். கேட்ட இடம், நியூ மெக்சிகோவில் இருக்கும் ஃபோர்ட் யூனியன்.

சாண்டா ஃபே வணிகப் பாதையைக் காக்க அமெரிக்க ராணுவம் 1851-ல் போட்ட எல்லைக் கோட்டை அது. இப்போது தெரிவதில் பெரும்பகுதி 1863-ல் தொடங்கிய மூன்றாவது கோட்டையின் மிச்சம். மதில், அகழி என்று தேடாதீர்கள். புல்வெளியில் குடியிருப்பு, கிடங்கு, மருத்துவமனை, அவ்வளவுதான். கல் அடித்தளத்தின் மேல் சுடாத செங்கல் சுவர். உச்சியில் மட்டும் மழைக்குத் தொப்பி போல சுட்ட செங்கல் வரிசை. 1891-ல் ராணுவம் காலி செய்த பிறகு கூரை மரம், கதவு, ஜன்னல், அந்தச் செங்கல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. தொப்பி போன மண்சுவர் கரையாமல் என்ன செய்யும்? அதிகாரிகள் குடியிருந்த வரிசையில் வீடு போய்ப் புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

நான் ஒரு சிறு குழுவில் தன்னார்வலன். லேசர் ஸ்கேனர் ஒளி பாய்ச்சி அளந்து கொடுத்த மேற்பரப்புப் புள்ளிகளை வைத்து ஒரு சுவர்த்துண்டின் குறுக்குவெட்டை ஒரே மாலையில் வரைந்து முடித்துவிட்டேன். பெருமை வேறு. மறுநாள் குழுவின் மூத்த பெண்மணி தாளைப் பார்த்துவிட்டு என்னை அந்தச் சுவரருகே கூட்டிப்போனார். உரிந்திருந்த ஓர் இடத்தில், விரல் நகம் நுழையும் அளவு இடுக்கு. அதற்கு வெளியே இருந்தது, மழைக்குப் பலியாகட்டும் என்று பராமரிப்பவர்கள் அவ்வப்போது பூசும் மண் பூச்சு. அசல் செங்கல் அதற்கு உள்ளே, விளிம்பு மழுங்கி இருந்தது. அண்மையில் பூசிய மண்ணை நான் 1860-களின் சுவர் என்று வரைந்து வைத்திருந்தேன். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. தோலைக் காட்டியது, நான் எலும்பு என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் டேப் எடுத்தேன். அதிலும் சொதப்பல். ஜன்னல், சுவர், ஜன்னல் என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால் மொத்த நீளத்தோடு இரண்டு அங்குலம் உதைத்தது. ஒரு மூலையில் பூஜ்யத்தை வைத்து, டேப்பை எடுக்காமல் தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்க வேண்டும். இது கொத்தனாருக்கே தெரியும், எனக்குத் தெரியவில்லை.

உடனே 'இவன் பழைய பஞ்சாங்கம்' என்று சண்டைக்கு வராதீர்கள். புகைபோக்கி உச்சியை அளக்க ஏணி ஏறி யாரும் விழ வேண்டாம், அதற்கு ஸ்கேனர்தான் சரி. ஆனால் எது அசல், எது ஒட்டு என்று அது குறித்துத் தராது.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்காக 1933-ல் அரசு தொடங்கிய வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டம் இன்றும் நடக்கிறது. அதன் வரைபடங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகின்றன. அந்தத் தாளில் வரைந்தவர் பெயர் எழுதத் தனி இடமே உண்டு. பின்னாளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், நான் மூன்று வாரம் மண்டியிட்டு அளந்து வரைந்த தாள்களில் முதலாளி பெயர் மட்டும் அச்சாகி வந்தது. கேட்டதற்கு, "இடம் போதவில்லை" என்றார்கள். வடதிசை அம்புக்குறி உள்ளங்கை அளவுக்கு இருந்தது.