பிஸ்டன் ஒரு வண்டி, பிளாக் ஒரு வண்டி: எஞ்சின் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய 97.2 சிசி ஸ்பிளெண்டர். காயலான் கடையில் வேறு மாடல் பிஸ்டன் ஒன்று கிடைத்தது. அதே 50 மி.மீ. விட்டம், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னும் (கம்பியும்) சரியாக நுழைகிறது. ஆனால் பின் மையத்திலிருந்து தலை வரை 1 மி.மீ. உயரம் கூடுதல். “கம்ப்ரஷன் ஏறும், காசும் மிச்சம்” என்கிறார் மெக்கானிக். போடலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: ஏறும். எவ்வளவு ஏறும், எங்கே போய் இடிக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டையும் பூட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 12.15 மி.லி. என்று வையுங்கள். 97.2-ஐ அதால் வகுத்தால் 8, கூட ஒன்று சேர்த்தால் 9:1. இதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது உள்ளே வந்ததைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது. 50 மி.மீ. போரில் (சிலிண்டர் விட்டத்தில்) பிஸ்டன் 1 மி.மீ. உயர்ந்தால் 1.96 மி.லி. குறையும். மிச்சம் 10.19, ரேஷியோ 10.5-ஐத் தொடும். இரண்டு பிஸ்டனின் தலை வடிவமும் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. மேடோ பள்ளமோ வேறுபட்டால் அளந்தே ஆக வேண்டும். பிஸ்டன் விளிம்பில் கிரீஸ் தடவி, ஹெட்டை முறுக்கி, வால்வு இரண்டும் மூடிய உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் துளை மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, 20 மி.லி. சிரிஞ்சால் மண்ணெண்ணெய் கலந்த ஆயிலைப் பிளக் மரையின் அடிவரை விடுங்கள். உள்ளே போனதே உங்கள் கணக்கு. காற்றுக்குமிழி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். ஆட்டி ஆட்டி விடுங்கள்.

பெரிய ஆபத்து ரேஷியோவில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. பழைய பிஸ்டன் பிளாக் விளிம்போடு சமமாக நின்றிருந்தால், இது 1 மி.மீ. வெளியே வரும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்றால் ஹெட்டில் முட்டும். பிஸ்டன் ஓரத்தில், பின்னுக்கு நேராக இரு பக்கமும் சால்டரிங் கம்பித் துண்டுகளைக் கிரீஸில் ஒட்டி, ஹெட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் பிடித்தால் குறைந்தது 1 மி.மீ. இருக்க வேண்டும். வால்வுக்கு இதே வேலையைக் கிளேயால் செய்யுங்கள்: இன்டேக் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. பிஸ்டனில் உள்ள வால்வுப் பள்ளம் வேறு வண்டியின் வால்வுக்கு வெட்டியது என்பதை மறக்காதீர்கள்.

இடைவெளி போதவில்லை என்றால் பிளாக்கின் அடியில் தடிமனான கேஸ்கட்டோ அலுமினியத் தகடோ கொடுக்கலாம். 0.4 மி.மீ. கொடுத்தால் மிச்ச உயர்வு 0.6, ரேஷியோ சுமார் 9.9. அதுவும் போதாமல் முட்டினால் இந்தப் பிஸ்டனை விட்டுவிடுங்கள். தகடு போட்ட பிறகு கேம் டைமிங் குறியையும் செயின் டென்ஷனரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் கருத்தில் உங்களுக்கு 10-ஐத் தாண்ட வேண்டாம். இது காற்றில் குளிரும் எஞ்சின், பிளக் பொறி விடும் டைமிங்கை சிடிஐ என்ற மின்னணுப் பெட்டிதான் முடிவு செய்கிறது, நீங்கள் பின்னிறுத்த முடியாது. பின்னால் நெல் மூட்டை, சித்திரை வெயில், கொள்ளிடக் கரை ஏற்றம், டாப் கியரிலேயே திருகுவது. நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வர இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உண்டியலில் சில்லறை குலுங்குவது போலக் கேட்டால் உடனே கியரைக் குறையுங்கள். விட்டுவிட்டால் பிஸ்டன் தலை அரித்து, ரிங் நிற்கும் மேடு உடையும். பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக (சூட்டைச் சீக்கிரம் கடத்துவதாக) மாற்றுங்கள். என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ச்சி, போஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. கடைக்காரரே தடுமாறும் இடம் இது.

கடைசியாக, பழைய பிஸ்டனையும் புதியதையும் ரிங், பின்னோடு நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகம் இருந்தால் ஹேண்டில்பாரில் அதிர்வு தெரியலாம். போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) போட வேண்டியிருந்தால் லேத் பட்டறைக்குப் பிஸ்டனைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். ஒரு மி.மீ. ஓவர்சைஸ் போனாலே 101 சிசி ஆகி, ரேஷியோ 9-லிருந்து 9.3 பக்கம் வந்துவிடும். காயலான் கடைப் பிஸ்டனை விட இந்த வழிதான் எங்களுக்குப் பிடித்தது.

கேள்வி: 80 × 110 மி.மீ. டீசல் பம்ப்செட், 5 எச்.பி. மாதக்கணக்கில் நின்றதால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, வெள்ளைப் புகை. மெல்லிய கேஸ்கட் போட்டால் கம்ப்ரஷன் கூடுமாமே?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: 553 சிசி, 16.5 ரேஷியோ என்றால் மேலே 35.7 மி.லி. இடம். கேஸ்கட்டில் 0.1 மி.மீ. குறைத்தால் அரை மி.லி. மட்டுமே போகும். 0.3 குறைத்தாலும் 17.2-தான், பிஸ்டன் வால்வில் தட்டும் பயம்தான் மிச்சம். வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, பற்றிக்கொள்ளச் சூடு போதவில்லை. டிகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்துவைத்து அழுத்தத்தை விடும் கைப்பிடியை) பழைய நிலைக்கு விட்டுவிட்டு ஹேண்டிலை மெல்ல அழுத்தத்துக்கு எதிராகச் சுற்றுங்கள். ‘உஸ்’ சத்தம் ஏர் கிளீனரில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, பிரீதரில் (கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயில்) கேட்டால் ரிங்கும் லைனரும். நின்று கிடந்த எஞ்சினில் ரிங் ஒட்டிக்கொள்வதும், லைனர் துருப்பிடிப்பதும் வழக்கம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். குறுவைக்குப் போர்வெல் தண்ணீரை நம்பியிருந்தால் மே மாதமே கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: கம்ப்ரஷன் கேஜில் 150 பி.எஸ்.ஐ. காட்டினால் ரேஷியோ 10-தானே?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: இல்லை. ரேஷியோ அளவுகளின் கணக்கு. கேஜ் காட்டுவது அழுத்தம். வால்வு மூடும் நேரம், ரிங் தேய்மானம், கிக் அடிக்கும் வேகம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து அடியுங்கள். குறைவாக வந்தால் பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.