‘துப்பாக்கிச் சமரில் பலி’ என்று பொலிஸ் சொன்னால் ஏன் கேள்வி கேட்கிறார்கள்?

துப்பாக்கிச் சமர் என்றால் இரு தரப்பும் சுட்டுக்கொண்டது. 2020 ஒக்டோபரில் கொழும்பு மாளிகாவத்தையில் பாதாள உலகக் குற்றக் கும்பலின் தலைவர் எனப்பட்ட மாகந்துரே மதூஷ் இறந்தபோதும் பொலிஸார் அதைத்தான் சொன்னார்கள். அவரோ அப்போது பொலிஸ் காவலில் இருந்தவர்.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது? கதை சொல்வது ஒரு தரப்பு மட்டும். மறுத்துப் பேச வேண்டியவர் உயிரோடு இல்லை. காலி வீதியில் பஸ் ஒன்று ஆளை மோதினால் சாரதி சொல்வதோடு விட்டுவிடுவோமா? பிரேக் தடத்தை அளப்போம், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரை விசாரிப்போம். இங்கேயும் அப்படித்தான். குண்டு முன்னால் பாய்ந்ததா, பின்னாலா? காயத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் மிகக் கிட்டத்தில் சுட்டது. காவலில் மரணம் என்றால் நீதவான் விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அப்புறம், கேட்பவர்கள் பாதாள உலகத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்பார்கள். இல்லை. இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பது வேறு, எப்படி இறந்தார் என்பது வேறு.