சுத்தியல், ஊசி, ஒப்புதல் படிவம்: நரம்பியல் பிரிவு பற்றிய வாசகர் கேள்விகள்

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அங்கே என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தக் கவலையோடு எழுதப்பட்டவை. மருத்துவக் கல்லூரி ஒன்றின் நரம்பியல் பிரிவில் பணியாற்றுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். நோயாளியைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

கேள்வி: அம்மாவுக்குக் கைகால் பலவீனம். வார்டில் சேர்த்த நாளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், சுத்தியலால் முட்டியைத் தட்டுகிறார்கள். ஸ்கேன் எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு? பாதிப் பேர் மாணவர்கள் போலத் தெரிகிறது.
– வாசகி, தருமபுரி

பதில்: அம்மாவின் சோர்வும் உங்கள் எரிச்சலும் எனக்குப் புரிகின்றன. அவர் களைத்திருந்தால் "இப்போது வேண்டாம், பிறகு வாருங்கள்" என்று சொல்லுங்கள். மாணவர்கள் தொட்டுப் பார்ப்பதை மறுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அதனால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது.

ஆனால் வருகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நரம்பியலில் டிஎம் என்ற உயர் சிறப்புப் படிப்பைப் படிப்பவர்கள் பெரும்பாலும் எம்பிபிஎஸ், எம்டி இரண்டையும் முடித்துப் பல வருடம் வார்டில் உழைத்த மருத்துவர்கள். ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பதும் சரியல்ல. மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, நரம்பு தசையைச் சேரும் இடத்திலா, தசையிலேயேவா என்று கோளாறின் இருப்பிடத்தைச் சொல்வது அந்தச் சுத்தியல்தான். எந்த இடத்தை ஸ்கேன் எடுப்பது என்பதே அதற்குப் பிறகுதான் முடிவாகும். நேற்று இருந்த முட்டி அனிச்சை இன்று இல்லாமல் போனால், அது உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய்க்கூறாக இருக்கலாம். மூச்சுத் தசைகள் தளர்வதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதன் பயன் அங்கேதான் தெரியும்.

இப்படிப் பொறுமையாகப் பார்த்ததில் புதிய நோய்களே அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. சிறு வயதிலேயே கைகால் மெலிந்து, முகமும் நாக்கும் தளர்ந்து, காதும் மந்தமாகிப்போன நோயாளிகள் சென்னை மருத்துவமனைக்கு வந்தார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வரும், மேலைநாட்டுப் பாடநூல்களில் இருந்த இயக்க நரம்பணு நோயோடு அவர்களுடைய நோய் முழுவதும் பொருந்தவில்லை. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் அதைத் தனியாக எடுத்து எழுதினார்கள். இன்று உலகெங்கும் அதற்கு 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்கள் அதே கேள்விகளுக்குப் பலமுறை பதில் சொன்ன நோயாளிகள்.

கேள்வி: அப்பா காலையில் எழுந்தபோது வலது கை விளங்கவில்லை, வாய் கோணியிருந்தது. அவசரப் பிரிவில் சிகிச்சையைத் தொடங்காமல் "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது நேர விரயம் இல்லையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பக்கவாதத்தில் அதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு மேல் போனால் நன்மை குறையும், மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்குத் தொடக்க நேரம் தெரியாது. அதனால் 'எழுந்த நேரம்' கணக்கில் வராது, 'நன்றாக இருந்ததை யாராவது கடைசியாகப் பார்த்த நேரம்'தான் கணக்கு. இரவு இரண்டு மணிக்கு அவர் எழுந்து தண்ணீர் குடித்ததை அம்மா பார்த்திருந்தால், அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றிவிடும்.

நேரம் தெரியாவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. 2018இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, எம்ஆர்ஐயில் குறிப்பிட்ட அடையாளங்களைப் பார்த்து, தூக்கத்தில் தாக்கப்பட்டவர்களிலும் சிலருக்கு ஊசி போட முடிகிறது. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி உறைந்த ரத்தக்கட்டியை வெளியே எடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட இது பலன் தருகிறது.

இதைச் சாவகாசமாக வரலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் கணக்கிடப்பட்ட அளவு. சிடி ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சிடி எடுத்தால்தான் தெரியும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரோ காபியோ புகட்டவும் கூடாது.

கேள்வி: முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், பெரம்பலூர்

பதில்: பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்குக் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டும்தான் உண்டு. சில நாள் தலைவலி வரலாம், படுத்தால் குறையும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை மட்டும் முன்கூட்டியே மறக்காமல் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் இந்தப் பரிசோதனையை மறுப்பதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: தம்பிக்கு வயது 26. பத்து வயதிலிருந்து வலிப்பு. மூன்று மாத்திரை சாப்பிட்டும் மாதம் நான்கு ஐந்து முறை வருகிறது. வார்டில் சேர்த்து மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்வரை கேமராவில் பதிவு செய்வார்களாம். வலிப்பை வரவழைப்பது கொடுமை இல்லையா? அறுவை சிகிச்சை என்ற பேச்சும் வந்தது.
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: பதினாறு வருடம் கழித்துத்தான் இந்தப் பேச்சு வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 2010இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வகுத்த இலக்கணம் இது. மூன்றாவது, நான்காவது மருந்தால் முழுமையாக நிற்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அந்தக் கட்டத்திலேயே வலிப்பு அறுவை சிகிச்சை செய்யும் மையத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். மாத்திரையை மாற்றி மாற்றி எழுதியே இளமையைக் கழித்துவிடுகிறோம்.

தலையில் மின்முனைகளை ஒட்டி, இரவும் பகலும் ஈஈஜி எனும் மூளை மின்பதிவையும் வீடியோவையும் ஒன்றாகப் பதிவு செய்வார்கள். வலிப்பு வந்தால்தான் அது மூளையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று தெரியும். பக்கத்திலேயே செவிலியரும் மருந்தும் தயாராக இருக்கும்போது வரும் வலிப்பு, சாலையிலோ கிணற்றடியிலோ வருவதைவிடப் பாதுகாப்பானது. இந்தப் பதிவில் சிலருக்கு வந்துகொண்டிருந்தது வலிப்பு நோயே அல்ல என்று தெரியவருவதும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது வேறு சிகிச்சை, ஆனால் அதற்குள் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருப்பார்கள்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. பொட்டு மடலில், அதாவது காதுப் பக்கமுள்ள மூளைப் பகுதியில், ஓரிடத்திலிருந்து கிளம்பும் வலிப்புக்கு அது மிக நன்றாகப் பலன் தரும். கனடாவில் 80 நோயாளிகளிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவிழக்கச் செய்யும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட குழுவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதலே இந்தச் சிகிச்சை நடக்கிறது. பேச்சு, நினைவாற்றல் பற்றிய சோதனைகளை முன்கூட்டியே செய்துதான் முடிவெடுப்பார்கள். எந்த இடத்தை எடுக்கப்போகிறார்கள், அதனால் எதை இழக்க நேரலாம் என்று தம்பியே நேரில் கேட்கட்டும்.

இன்னொன்று. அடுத்த வலிப்பைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். முகம், இரண்டு கைகள், அவர் முழு நினைவுக்குத் திரும்பும் நேரம் ஆகிய மூன்றும் படத்தில் இருக்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மகனுக்கு ஒரு வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். எப்படிச் சாத்தியம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்பவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கழுவாத கை, கீரை, தண்ணீர் வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். மூளைக்குப் போவது அந்த முட்டையிலிருந்து வந்த இளம்புழு. ஆகவே இதில் சைவம், அசைவம் என்ற வேறுபாடே இல்லை.

ஒற்றைக் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே சுருங்கி மறையும். ஒரு காலத்தில் இதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பலருக்கு அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள், சிலருக்கு மண்டையைத் திறந்தும் பார்த்தார்கள். 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கட்டி, மூளை அழுத்தத்தின் அறிகுறி இல்லாமை போன்ற அளவுகோல்களை வகுத்து, அறுவை சிகிச்சை இல்லாமலே இதை அடையாளம் காண வழி செய்தவர்கள் வேலூர் சிஎம்சியின் ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோர். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பக்கவாத ஆய்வு ஒன்றில் சேரச் சொல்லிப் பல பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். எலியைப் போலச் சோதித்துப் பார்க்கிறார்களோ என்று பயம். மறுத்தால் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் பயம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: இரண்டாவது பயத்தை முதலில் போக்குகிறேன். மறுக்கலாம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சை தொடர்ந்தாக வேண்டும். இது மருத்துவரின் பெருந்தன்மை அல்ல, உங்கள் உரிமை.

முதல் பயத்துக்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைப்பு மருந்து மாரடைப்பில் உயிர்களைக் காப்பாற்றியது. பக்கவாதமும் அடைப்புதானே, அங்கும் பலிக்கும் என்று எண்ணுவது இயல்பு. 1990களில் ஆய்வு செய்தபோது மூளை ரத்தக்கசிவும் மரணமும் கூடின. ஆய்வுகளைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆய்வே செய்யாமல் நல்லெண்ணத்தோடு எல்லோருக்கும் கொடுத்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள், அது மருந்தால் நேர்ந்தது என்றுகூடத் தெரிந்திருக்காது. வேறொரு கரைப்பு மருந்து பலன் தரும் என்பதும் ஆய்வில்தான் நிரூபணமானது. இன்று அவசரப் பிரிவில் நாங்கள் போடும் ஊசி, முன்பின் தெரியாத நோயாளிகள் அப்படிப் படிவத்தில் கையெழுத்திட்டதால் நமக்குக் கிடைத்தது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடச் சொல்லவில்லை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். எனக்கு எந்த மருந்து கிடைக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், மருந்தில்லாத மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டா, ரத்த மாதிரியை எத்தனை காலம் எங்கே வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் கேட்டால் விளக்கம் கேளுங்கள். மருந்தாய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள். 2009 முதல் இந்தியாவில் மருந்தாய்வுகளை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும். இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: 82 வயதுப் பாட்டிக்கு எங்கள் வீடே அடையாளம் தெரியவில்லை. அமெரிக்காவில் மறதிநோய்க்குப் புது ஊசி வந்திருக்கிறதாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: லெகனெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அங்கே முழு ஒப்புதல் கிடைத்தது. மிகத் தொடக்க நிலை அல்சைமர் நோயாளிகளுக்கு மட்டும் அது. 18 மாதத்தில் சரிவின் வேகத்தை ஓரளவு குறைத்தது, இழந்த நினைவை மீட்கவில்லை. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம். பாட்டியின் நிலைக்கு அது பொருந்தாது.

ஆனால் வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில வாரங்களுக்கு முன் வழுக்கி விழுந்ததில் மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தம் ஆகியவை எல்லாம் மறதிநோய் போலவே தோன்றும், சரிசெய்யவும் முடியும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: நடுக்குவாத (பார்க்கின்சன் நோய்) மாத்திரையோடு பூனைக்காலி விதைப் பொடியும் சாப்பிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த விதையில் இருப்பதும் உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே லெவோடோபாதான். ஆகவே இரண்டையும் சேர்த்தால் மருந்து இரட்டிக்கும். பொடிக்குப் பொடி அளவும் மாறும். உடல் தானாக நெளிவது, இல்லாத உருவம் தெரிவது, எழுந்தால் மயக்கம் வருவது எல்லாம் அதன் விளைவாக இருக்கலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்றவற்றின் புரதம் அது உடலில் சேர்வதைத் தடுக்கும்.

கேள்வி: எனக்கு 24 வயது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன், இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. சொல்லாமல் மறைத்து, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மறைக்கவும் வேண்டாம், மறைத்து விழுங்கும் மாத்திரைதான் முதலில் தவறிப்போகும். வலிப்பு இருப்பதைக் காரணம் காட்டித் திருமணம் செல்லாது என்று சொல்ல இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகம் 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வலிப்பு உள்ள பெண்கள் பெரும்பாலானோர் நலமான குழந்தை பெறுகிறார்கள் என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கு உங்கள் மருத்துவரே சொல்லட்டும்.

ஆனால் வால்ப்ரோயேட்டை மாற்றுவது பற்றி அவசியம் பேச வேண்டும். கருவில் இருக்கும்போது இந்த மருந்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, கற்றல் திறனும் பாதிக்கப்படலாம். லெவெடிரசிட்டம், லாமோட்ரிஜின் போன்றவை இதைவிடப் பாதுகாப்பானவை. ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்றப் பல வாரங்கள் பிடிக்கும், கருத்தரித்த பிறகு செய்தால் தாமதம். ஃபோலிக் அமிலமும் முன்பே தொடங்க வேண்டும். திருமண வேலைகள் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு, முடிந்தால் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, இந்த வாரமே உங்கள் மருத்துவமனையின் நரம்பியல் வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள்.