தென்னந்தூரில் வார்னிஷ் காளான்

கேள்வி: இரண்டு தென்னைகளின் தூரில், வார்னிஷ் பூசியதுபோல் செம்பழுப்பு நிறத்தில் காளான் முளைத்திருக்கிறது. இதுதான் ரெய்ஷி என்ற மருந்துக் காளான், கஷாயம் வைக்கலாம் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், பேராவூரணி)

பதில்: வேண்டாம். கட்டைபோல் இறுகியது, கசப்பானது. எவ்வளவு வேகவைத்தாலும் பல்லுக்கு மசியாது. திருப்பிப் பாருங்கள்: குடைக்காளானின் மடிப்புகள் இருக்காது, ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள்தான் இருக்கும். இது பாலிபோரேல்ஸ் வரிசையைச் சேர்ந்த கானோடெர்மா. இரட்டைச் சுவர் கொண்ட பழுப்பு வித்துகள் இந்தப் பேரினத்தின் அடையாளம்.

குழப்பம் பெயரில் இருக்கிறது. 1781-இல் இங்கிலாந்துக் காளான் ஒன்றுக்குத் தாவரவியலாளர் கர்டிஸ் 'லூசிடஸ்' (பளபளப்பானது) என்று பெயர் வைத்தார். 1881-இல் காளான் ஆய்வாளர் கார்ஸ்டன் அதைக் 'கானோடெர்மா லூசிடம்' ஆக்கினார். பிறகு பளபளத்ததெல்லாம் லூசிடம் ஆகிவிட்டது! ரெய்ஷி எனப்படும் சீன மருந்துக் காளானே வேறு இனம் என்று பிரித்து, 'லிங்சி' என்று பெயரிட்டது 2012-இல்தான். ஆகவே பளபளப்பை நம்பி வாயில் வைக்காதீர்கள்.

மரத்தைக் கவனியுங்கள். இந்தப் பூசணத்தால் வருவது தஞ்சாவூர் வாடல் நோய். 1952-இல் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. வேர் அழுகி, அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும், அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், குரும்பை கொட்டும். காளான் தெரிவது பெரும்பாலும் கடைசியில்தான். காய்ந்த மரத்தைத் தூர், வேரோடு தோண்டி எரியுங்கள். வெட்டிய தூரை விட்டுவைத்தால் பூசணம் அதிலேயே வாழும். வாய்க்கால் நீர் மரம்விட்டு மரம் ஓடக்கூடாது. தனித்தனி வட்டப்பாத்தி போடுங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு.

கேள்வி: இதே நோய்க்குப் போர்டோ கலவை ஊற்றியும் பலனில்லையே? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: அளவோ, கலக்கிய முறையோ தவறியிருக்கலாம். மரத்துக்கு 1 சதவீதக் கலவை 40 லிட்டர் வேண்டும். ஒரு குடம் போதாது. 400 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 20 லிட்டர் நீரிலும், 400 கிராம் சுண்ணாம்பை 20 லிட்டரிலும் தனித்தனியே கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றினால் திரியும். பிளாஸ்டிக் டிரம் போதும்; இரும்பு ஆகாது. தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். அன்றே, தூரைச் சுற்றி 1.5 மீட்டர் வரை ஊற்றிவிடுங்கள். மறுநாளுக்கு வைத்த கலவை வீண்.

சாறு பல அடி உயரம் ஏறிவிட்ட மரத்துக்குச் செலவழிக்காதீர்கள். அந்தக் கலவை பக்கத்து மரத்துக்கு உதவும்.