பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. 18 வயது முடிந்ததும், "இனி நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, கார்டியன் சான்றிதழ் வேண்டும்" என்கிறார்கள் வங்கியில். பெற்ற தாய்க்கே சான்றிதழா? எங்களுக்கு அப்புறம் அவனை யார் பார்ப்பார்கள் என்றும் கவலை. வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது அம்மா. ஆனால் 18 முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவர் மேஜர். பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை அத்துடன் முடிந்துவிடுகிறது. இதற்காகத்தான் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே சான்றிதழ் தரும். தஞ்சாவூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் 'படிவம் ஏ' கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்று, அவருடைய வயதுச் சான்று, இருவரின் ஆதார், போட்டோ ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவின் விசாரணைக்கு மகனையும் அழைத்துப் போங்கள். "அவனுக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். அந்த அறையில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் தலை குனிந்துவிடும். கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவருவார் என்றால் அதைச் சொல்லுங்கள். பாதுகாவலர் தேவையா, எந்தெந்த விஷயத்துக்குத் தேவை என்று குழு பார்த்தாக வேண்டும் என்கிறது சட்டம். வங்கிக்கும் சொத்துக்கும் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். என்ன உடுத்துவது, எங்கே போவது, யாரோடு பழகுவது என்பதெல்லாம் அவர் விருப்பம்.

சான்றிதழ் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. மகன் பெயரில் உள்ள சொத்து, கடன் விவரத்தை 6 மாதத்துக்குள் குழுவிடம் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டையும் விசாரியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து.

சரி, வீடு. மகள் பெயருக்கு இப்போதே எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. மகள் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போய்விடும், மகனுக்கு அதில் பிடிமானம் இருக்காது. உங்கள் காலம் வரை வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதன் பிறகு மகனின் செலவுக்கென ஒரு தனியார் அறக்கட்டளைக்குப் போகும்படி உயிலில் எழுதலாம். நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். அறக்கட்டளை இல்லாமல் உயிலில் நேராக மகன் பெயருக்கு எழுதினால், விற்கவோ வாடகைக்கு விடவோ மறுபடி பாதுகாவலர் கேள்வி வரும்.

உங்களுக்குப் பிறகு பாதுகாவலராக இருக்கச் சம்மதமா என்று மகளிடம் நேராகக் கேட்டீர்களா? பல வீடுகளில் கேட்பதே இல்லை, அக்காதானே, பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுகிறார்கள். அவரால் முடியாதென்றால் கோபப்படாதீர்கள். வேறு உறவினரோ, தேசிய அறக்கட்டளையில் பதிவு செய்த நிறுவனமோ பாதுகாவலராக வரச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படியானால் நீங்கள் திடமாக இருக்கும்போதே அந்த இடத்துக்கு மகனை அவ்வப்போது கூட்டிப்போய்ப் பழக்குங்கள்.