தாத்தாவின் ஊர் இன்று எந்த மாவட்டத்தில்?

கேள்வி: தாத்தாவின் பழைய ஆங்கிலக் காகிதத்தில் திருச்சினாப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்று இருக்கிறது. ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகள் மங்கிவிட்டன. திருச்சி கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் போதுமா? – வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: திருச்சியில் கேட்டுப் பயனில்லை, அம்மா. உடையார்பாளையம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனியானது; 2002இல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள்; 2007இல் திரும்பவும் பிரித்தார்கள். அதனால் உறவினர் கடிதமொன்றில் 'பெரம்பலூர்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அதே ஊராக இருக்கலாம். ஜில்லாவை விடுங்கள், தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாலுகாவும் முன்புபோல் பெரிதாக இல்லை. அதன் சில ஊர்கள் இப்போது ஆண்டிமடம் வட்டத்தில் இருக்கின்றன.

அடுத்தது ஊர்ப் பெயர். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். மிஞ்சிய எழுத்துகளை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்க் கிராமங்களின் பட்டியலைக் கேளுங்கள். அதில் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் அடக்கம். மலாயாத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கள் குக்கிராமத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

ஊர் தெரிந்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அந்தப் பதவி 1980க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் பரம்பரையாக ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால், எந்தத் தெருவிலிருந்து யார் பினாங்குக்குக் கப்பலேறினார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கலாம்.

ஒன்றை மட்டும் புறப்படும் முன்பே செய்துவிடுங்கள். வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தாலும் அந்தக் கோயிலை வைத்துப் பங்காளிகளைக் கண்டுபிடித்துவிடலாம். என் அனுபவத்தில் எந்த ஆவணத்தையும்விட இதுதான் விரைவில் வழிகாட்டியிருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரமும் இதே பகுதியில்தான். 1025 வாக்கில் கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகர் அது. அந்தக் கடாரம், உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கெடாதான். பிள்ளைகளைச் சோழபுரத்துக்கு அவசியம் கூட்டிப்போங்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகப் போவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், அலுவலகமும் திறந்திருக்கும், வெளியூர் போனவர்களும் வீடு திரும்பத் தொடங்குவார்கள். போன முதல் நாளே நிலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பழைய காகிதத்தின் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், அசல் பட்டர்வொர்த்திலேயே இருக்கட்டும்.