டிவி பேட்டிக்கு அப்பா போகலாமா?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய், டிவி பேட்டிக்கு அழைத்திருக்கிறார்கள், கை நடுங்குவதை ஊரே பார்க்குமே என்று தயங்குகிறார் என எழுதியிருந்தீர்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகட்டும், ஆனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், சேனல்காரர்களோ நீங்களோ தள்ளிவிடக் கூடாது. ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 1991-ல் தனக்கு இதே நோய் என்று தெரிந்தும் 1998 வரை வெளியே சொல்லவில்லை, கேமரா முன்னால் நடுக்கம் தெரியாமல் இருக்க மாத்திரை நேரத்தைக் கணக்குப் போட்டே நடித்தார். அதே மனிதர் 1999-ல் அமெரிக்க செனட் குழு முன் மாத்திரை போடாமலேயே போய் உட்கார்ந்தார், நோய் எப்படி இருக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. இரண்டுமே அவராக எடுத்த முடிவு.

சரி, நடைமுறைக்கு வருவோம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஷூட்டிங் வைக்கச் சொல்லுங்கள், லைவ் வேண்டாம், பதிவு செய்யட்டும். குரல் தணிந்துபோவது இந்த நோயில் சகஜம், அதனால் சட்டையில் மாட்டும் மைக் கேளுங்கள். அப்புறம், முகத்தசை இறுகி உணர்ச்சியே இல்லாத மாதிரி தெரியலாம். பேட்டி எடுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவசரப்படுத்துவார். நடுங்கும் கையை மட்டும் க்ளோசப்பில் காட்டி சோக இசை போடக் கூடாது என்பதையும் இப்போதே கறாராகப் பேசிவிடுங்கள்.